இருமலாந்தையும் வடக்கு மலைக் குரங்குகளும்

பிப்ரவரி 4

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கும் பழக்கம் நமக்குள் விட்டுப்போய் மூன்று வருஷமாகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இது அலுவல் கடிதம். உங்கள் வனத்துறை முகாமில் போன் எடுக்காது என்பது ஒரு காரணம். எடுத்தாலும் நான் எழுதத்தான் செய்திருப்பேன்.

எங்கள் அருங்காட்சியகத்தில் கீழ்த்தளத்து மூலை அறையைப் புதுப்பிக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பறவைப் பிரிவைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் என்பதால் அறையின் முதல் கண்ணாடிப் பெட்டியை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெட்டியின் ஒரு பக்கம் இருமலாந்தை, மறுபக்கம் நரைப்புருவக் குரங்கு. இரண்டும் ஒரே மலைத்தொடரில் வாழ்ந்தவை. ஆந்தை அழிந்து எண்பது வருஷத்துக்கு மேலாகிறது. குரங்கு இன்னும் இருக்கிறது. எங்கள் இயக்குநர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "செத்தது ஒண்ணு, சாகப்போறது ஒண்ணு. பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் ஜனங்களுக்கு உறைக்கும்."

இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். ஆந்தை எனக்குத் தெரியும். குரங்கைப் பற்றிச் சொல்ல உங்களைவிட்டால் ஆளில்லை. எத்தனை மிச்சம், எங்கெங்கே, என்ன தின்னும், எப்போது குட்டி போடும், எதனால் குறைகிறது, இவ்வளவும் வேண்டும். மார்ச் முடிவதற்குள் பலகையில் எழுத்து ஏற வேண்டும்.

இப்படிக்கு,
பறவைப் பிரிவுப் பொறுப்பாளர்

பிப்ரவரி 15

அண்ணிக்கு,

வியாழக்கிழமை ஜீப்பில் கடிதம் வந்தது. உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு மத்தியானம்வரை பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அலுவல் கடிதம்தான் என்று தெரிந்ததும் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

நரைப்புருவக் குரங்குக்குக் கரும்பழுப்பு உடம்பு. கண்ணுக்கு மேலே புருவம் மட்டும் வெளுத்திருக்கும். பிறந்து ஒரு வாரமான குட்டிக்கும் ரிட்டையரான தாசில்தார் முகம். கொழுந்தும் காயும் தின்னும். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு குட்டிதான். மரத்தைவிட்டுத் தரையில் இறங்காது. நடுவில் முப்பதடி வெட்டவெளி வந்துவிட்டால் அதற்கு அது கடல். அந்தப் பக்கம் இருக்கிற கூட்டம் அந்தப் பக்கம்தான். ரோடு போட்டே அதைத் துண்டு துண்டாக்கிவிட்டோம், சுட வேண்டிய அவசியம் வரவில்லை.

ஆற்றுக்குத் தெற்கே நூற்றுத் தொண்ணூற்றாறு. வடக்கு மலையில் மூன்று வருஷமாக ஒன்றும் இல்லை. அங்கே கல் குவாரிக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். குரங்கு இல்லை என்று நான் சான்றிதழ் கொடுத்தால் அனுமதி கிடைத்துவிடும். பதிலுக்குத் தெற்குக் காட்டுக்கு எட்டுக் காவலர் தருவதாக மேலதிகாரி சொல்கிறார். இப்போது இருப்பது மூன்று பேர். மாத முடிவில் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

"சாகப்போறது" என்ற சொல் பலகையில் வேண்டாம் என்று உங்கள் இயக்குநரிடம் சொல்லுங்கள். போன வாரம் இங்கே ஒரு குட்டி பிறந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் தங்கையின் மூக்குக்கண்ணாடி இங்கேயே இருக்கிறது. அனுப்பட்டுமா?

பிப்ரவரி 24

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கண்ணாடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

நீங்கள் அனுப்பியதை வைத்து எழுத உட்கார்ந்தேன். இரண்டும் பெரிய மரத்தை நம்பியவை. ஆந்தைக்குப் பொந்து வேண்டும், குரங்குக்கு உயரத்தில் கிளைக்கவடு வேண்டும். இரண்டுமே அவசரப்பட்டுக் குஞ்சு குட்டி பெருக்காதவை. ஆந்தையும் காட்டைவிட்டு வெளியே பறக்காது. இதுவரைக்கும் எல்லாம் பொருந்திவந்தது. வேறுபாடு ஒன்றுதான். குரங்கைக் கண்ணால் பார்த்து எண்ணலாம். இருமலாந்தையை யாரும் பார்த்து எண்ணியதில்லை. பொழுது சாயும்போது வயசானவர் இருமுகிற மாதிரி இரண்டு தரம் இருமும். கேட்டால் இருக்கிறது, கேட்காவிட்டால் இல்லை. ஆறு வருஷம் கேட்காமல் போகவே, 1938இல் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அறிவித்தவர் என் நாற்காலியில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் முதல் ஆள். பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவருடைய படம் என் மேஜைக்கு மேலேதான் தொங்குகிறது.

பெட்டியில் வைக்க நல்லதாக ஒன்று பார்க்கலாம் என்று நேற்று ஆந்தை இழுப்பறையைத் திறந்தேன். பதிவேட்டின்படி பாடம் பண்ணிய ஆந்தைகள் ஒன்பது இருக்க வேண்டும். எண்ணினால் பத்து. பத்தாவது எல்லாவற்றுக்கும் அடியில், முகம் கீழே பார்க்கக் கிடந்தது. காலில் கட்டியிருந்த சீட்டில் பெரியவர் கையெழுத்து: "பெண். வெட்டி விழுந்த மரத்தின் பொந்தில். 1941."

1941, மாப்பிள்ளை. அழிந்துவிட்டதாக அவரே அறிவித்து மூன்று வருஷம் கழித்து. அறிவிப்பு வந்த பிறகுதான் அந்தக் காட்டை மரம் வெட்டக் கொடுத்தார்கள்.

இன்றைக்கு அவருடைய நாட்குறிப்புகளை எடுத்துப் படித்தேன். ஆறு வருஷமும் "கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். பொய் இல்லை. ஆனால் அதில் நாலு வருஷம் முட்டிவலி என்று மலை ஏறவே இல்லை. அடிவாரத்து பங்களா வராந்தாவில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

அதனால் உங்களை ஒன்று கேட்கிறேன். வடக்கு மலையில் குரங்கு இல்லை என்கிறீர்கள். யார் போய்ப் பார்த்தது?

கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். என் தங்கைக்குக் காய்ச்சல் கண்டபோது "பயப்பட ஒன்றுமில்லை" என்று எனக்கு எழுதியவர் நீங்கள்தானே. ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்களிடம் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். ஒரு வார்த்தை உள்ளபடி எழுதியிருந்தால் ஓடி வந்திருப்பேன்.

மார்ச் 7

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. 28ஆம் தேதியே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

பதினெட்டு வருஷம் இந்தக் குரங்குகளோடு கிடந்தவன் நான். இழுப்பறையைத் திறந்து செத்த பறவையை எண்ணுகிறவர்கள் எனக்கு எண்ணச் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டுக் காவலர் கிடைப்பதற்கு இங்கே என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

அவளைப் பற்றி எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கும் இல்லை.

மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

செத்ததை எண்ணுகிறவள்தான். மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

இயக்குநரிடம் பத்தாவது ஆந்தையைக் காட்டினேன். "சீட்டுல தேதி தப்பா எழுதியிருப்பாரும்மா. பெரியவர் படத்தை மாட்டிவெச்சுக்கிட்டு அவர் மேலயே சேறு பூசுறதா? 1938னே போடுங்க" என்றார். சரி, சீட்டை நம்ப வேண்டாம் என்று பறவையைத் தூக்கிக்கொண்டு போய் விளக்கடியில் உட்கார்ந்தேன். அவசரத்தில் பாடம் பண்ணியிருக்கிறார்கள். பஞ்சு போதாமல் செய்தித்தாளைக் கசக்கி அடைத்திருக்கிறார்கள். கால் ஓரத் தையலில் இடுக்கியை விட்டு ஒரு துண்டை உருவினேன். சோப்பு விளம்பரம். மேல் ஓரத்தில் தேதி. 1941, மே மாதம்.

இன்னொன்றையும் பார்த்தேன். அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை. வெறும் தோல். அடைகாக்கிற பறவைக்குத்தான் அப்படி உதிரும். முட்டைக்குச் சூடு படட்டும் என்று தானே உதிர்க்கும். அந்தப் பொந்தில் முட்டை இருந்திருக்கிறது. முட்டை இருந்தால் அக்கம்பக்கத்தில் ஓர் ஆணும் இருந்திருக்கும்.

மரம் வெட்டும் இடத்திலிருந்து யாரோ அதைப் பெரியவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் வாங்கி, சீட்டு எழுதி, பதிவேட்டில் ஏற்றாமல், இழுப்பறைக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கவிழ்த்துவைத்து மூடிவிட்டார். அப்போது ஒரு கடிதம் எழுதியிருந்தால் பாதிக் காடாவது மிஞ்சியிருக்கும். எழுதவில்லை. அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்.

அவர் படத்தை நான் கழற்றவில்லை. ஆனால் அதைப் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 29

அண்ணிக்கு,

யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இதை எழுத மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷக் கணக்கெடுப்பு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கிளம்பட்டுமா வேண்டாமா என்று வாசலில் நின்றேன். "போயிட்டு வாங்க. ரெண்டு நாள்தானே. நான் என்ன சின்னக் குழந்தையா?" என்றாள். உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதி ஜீப்பில் கொடுத்துவிட்டு ஆற்றைத் தாண்டினேன். வடக்கு மலைக்குத்தான்.

இரண்டாம் நாளே திரும்பியிருக்கலாம். ஒரு கூட்டத்தில் பச்சைக் குட்டியோடு ஒரு தாயைப் பார்த்தேன். அது எங்கே தங்குகிறது என்று பார்த்துவிடலாமே என்று பின்னாலேயே போனேன். நாலு நாளாகிவிட்டது. இங்கே மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு தப்பி, சமையல்காரரும் டிரைவரும் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தது அவள் போன பிறகு. மீதி நீங்கள் பார்த்தது.

அதற்குப் பிறகு ஒரு தரமும் நான் அந்த ஆற்றைத் தாண்டவில்லை. தாண்டலாம் என்று கரைவரைக்கும் போவேன், கால் வராது. கணக்கெடுப்புக் காலத்தில் காவலர்களை இந்தக் கரையில் நிறுத்தி பைனாகுலரில் பார்க்கச் சொல்வேன். "எதுவும் தென்படலை சார்" என்பார்கள். அதை எழுதிக்கொள்வேன். அதுவும் பொய் இல்லை. உங்கள் பெரியவருக்கு முட்டிவலி. எனக்கு அதுகூட இல்லை.

நாளைக் காலையில் போகிறேன்.

ஏப்ரல் 11

அண்ணிக்கு,

போனேன். பதினான்கு.

எங்கள் காவலர்களில் மூத்தவரை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவோம். அவரும் கூட வந்தார். முதல் மூன்று நாள் ஒன்றுமே இல்லை. எச்சம்கூட இல்லை. மரங்களில் மட்டும் வரிசையாக வெள்ளை பெயிண்டில் எண் எழுதியிருந்தது. குவாரிக்காரர்கள் அதற்குள் அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் கொடுத்த சான்றிதழை நம்பித்தானே. எண் 340வரை நான் எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை.

நாலாம் நாள் காலையில் மீசை என் தோளைத் தொட்டார். "சார், மேல பாக்காதீங்க. அப்படியே மெதுவா உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். பிறகு பார்த்தேன். 212 என்று எண் போட்ட மரத்தின் உச்சியில் ஒன்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அரை மணி நேரத்தில் பதினான்கு முகம். அதில் மூன்று வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தது. நான் பின்னால் போன அந்தக் குட்டிதானா என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

"சார், இதுங்க எங்கயும் போகல. நாமதான் வரல" என்றார் மீசை. இரண்டு பேரும் வெயில் ஏறும்வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

இறங்கி வந்த அன்றே மேலதிகாரிக்கு எழுதினேன்: மூன்று வருஷமாக நான் வடக்கு மலைக்குப் போகவில்லை, போகாமலே சான்றிதழ் கொடுத்தேன், அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். "பதினாலு குரங்குக்காக உன் பதினெட்டு வருஷ சர்வீஸையே பாழாக்குறியே. ஆரம்பத்துல தெரியல, இப்ப தெரிஞ்சுதுன்னு எழுதுய்யா, அதுவே போதும்" என்றார். நல்ல மனுஷர், எனக்காகத்தான் சொன்னார். ஆனால் தெரியவில்லை என்பதும் போகவில்லை என்பதும் ஒன்றில்லையே. எழுதியது எழுதியதுதான் என்று சொல்லிவிட்டேன்.

இனிமேல் என் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. குவாரிக்காரர்களின் வக்கீல் கேட்டது நியாயமான கேள்விதான்: "அன்னைக்கு இல்லைன்னு கையெழுத்துப் போட்டவர், இன்னைக்கு இருக்குன்னு சொன்னா எதை நம்புறது?" வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உயிரினங்களைப் பற்றிய படிப்பும் அரசாங்கப் பதவியும் உள்ள ஆளாக இருக்க வேண்டும். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் நடக்க வேண்டும். மூன்று இடத்துக்கு எழுதினேன். ஒரு இடத்தில் நேரமில்லை என்றார்கள், மற்ற இரண்டிலிருந்து பதிலே இல்லை.

உங்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஏப்ரல் 20

மாப்பிள்ளைக்கு,

"நீங்க பறவைக்காரி, குரங்குக்கு எதுக்கும்மா?" என்றார் இயக்குநர். "எனக்கு எண்ணத் தெரியும் சார்" என்றேன். சொந்த விடுப்பில் போங்கள் என்றார். சரி என்றேன். கையெழுத்துக்குக் கீழே என் பதவியைப் போட அவர் தடுக்க முடியாது.

மே மூன்றாம் தேதி வருகிறேன். எனக்கு மலை ஏறிப் பழக்கமில்லை, மெதுவாகத்தான் நடப்பேன். நீங்கள் கூட வரக்கூடாது என்று விதி இருந்தால் மீசை வந்தால் போதும். வழியில் உங்களிடம் அதிகம் பேச மாட்டேன். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவள் படுத்திருந்த அறையில் எனக்கு இடம் போட வேண்டாம்.

மே 27

மாப்பிள்ளைக்கு,

உத்தரவின் நகல் எனக்கும் வந்தது. மூன்று வருஷத்துக்குக் குவாரி கிடையாது. அதற்குப் பிறகு மறுபடியும் எண்ண வேண்டும். நான் பார்த்தது பதின்மூன்று. பதின்மூன்று என்றுதான் எழுதினேன். நீங்கள் வழியில் சொன்ன, காது கிழிந்த கிழட்டு ஆணை ஆறு நாளும் காணவில்லை. பதினான்கு என்று எழுதச் சொல்லி நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன். நீங்கள் கேட்கவில்லை.

உங்களை அங்கேயிருந்து எடுத்துவிட்டு, எங்கள் ஊர் தலைமை அலுவலகத்தில் கிடங்குப் பொறுப்பில் போட்டிருப்பதையும் அதே நகலில்தான் படித்தேன். படித்துவிட்டு வெகுநேரம் வேலை ஓடவில்லை.

இரண்டு மாதம் தாமதமாகப் பலகை ஏறிவிட்டது. செய்தித்தாள் துண்டைக் காட்டியதும் இயக்குநர் 1941க்கு மாறினார். பெரியவர் பெயர் மட்டும் வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். குரங்குக்குக் கீழே "இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

இப்போது நான் எழுத வேண்டியது ஒன்று பாக்கி. அந்த ஆறு நாளும் உங்கள் பின்னால் நடந்தபோது சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன்.

நீங்கள் மலைக்குக் கிளம்பிய மறுநாளே உங்கள் கடிதம் வந்தது, அதே தபாலில் அவளுடைய கடிதமும் வந்தது. "அக்கா, காய்ச்சல் விட்டு விட்டு வருது. இவர் மலைக்குக் கிளம்புறார். நீ ஒரு வாரம் வந்து இருக்கியா? உன்னைப் பாக்கணும்போல இருக்கு" என்று எழுதியிருந்தாள். உங்கள் கடிதத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்றிருந்தது. எங்கள் பிரிவில் இருப்புச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்த வாரம் அது. இரண்டையும் மேஜையில் வைத்து, எனக்கு எது வசதியோ அதை நம்பினேன். "சரிபார்ப்பு முடியட்டும், வர்றேன்" என்று அவளுக்குப் பதில் போட்டேன்.

அன்றைக்கே கிளம்பியிருந்தால் அவள் நினைவோடு இருக்கும்போதே சேர்ந்திருப்பேன். எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் உங்களைப் பார்த்து, ஒரு வார்த்தை எழுதியிருந்தால் ஓடி வந்திருப்பேனே என்று கத்தினேன். அன்றைக்குப் பழியை உங்கள் மேல் போடாவிட்டால் என் மேல் விழுந்திருக்கும். மூன்று வருஷம் உங்களை அதில் நிறுத்திவைத்துவிட்டேன்.

ஜூன் 8

அண்ணிக்கு,

அவள் எழுதியது எனக்குத் தெரியும். எழுதி முடித்து என்னிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் போட்டாள். "அக்கா பயந்துடப் போறா, நீங்களும் ஒண்ணு எழுதிடுங்க" என்றாள். அதனால்தான் நான் அப்படி எழுதினேன். எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள் என்பது எனக்கும் தெரியும்.

உங்கள் பதில், அவள் போன நாலாம் நாள் வந்தது. அவள் பெயருக்கு வந்ததை நான் பிரிக்கவில்லை.

வராந்தாவில் நீங்கள் கத்தியபோது சொல்லியிருக்கலாம். சொன்னால் என் மேல் இருந்தது ஒன்றும் குறைந்துவிடாது. உங்கள் மேல் இன்னொன்று ஏறும், அவ்வளவுதான். நின்று கேட்டுக்கொண்டேன்.

வடக்கு மலைக் கூட்டம் பதின்மூன்றாகவே இருந்தால் நெடுநாள் தாங்காது. ஆற்றுக்குக் குறுக்கே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டினால் தெற்கிலிருந்து ஒன்றிரண்டாவது போகும். வரைந்து கோப்பில் வைத்திருக்கிறேன். எனக்குப் பதிலாக வந்திருக்கிற பெண் அதை இரண்டு தரம் படித்தார். முதல் நாளே ஆற்றைத் தாண்டிப் போய்விட்டு வந்தார். ஷூ நனைந்துபோனதற்கு என்னையே திட்டினார். எனக்கு நம்பிக்கை வந்தது.

இன்று காலை மீசை என் பெட்டியைக் கட்டிக்கொடுத்தார். கிடங்கில் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வருகிறேன். தங்குவதற்கு அலுவலக விடுதியில் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 12

தம்பிக்கு,

விடுதியில் வேண்டாம் என்று சொல்லிவிடு. மாடி அறையைக் கழுவிவிட்டேன். இந்தக் கடிதம் நீ கிளம்புவதற்குள் வந்து சேருமோ என்னவோ. சேராவிட்டாலும் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில் நிற்பேன். வண்டி எத்தனை மணி நேரம் தாமதமானாலும் நிற்பேன்.

அண்ணி